பெரட்டுக்கு வராதவர்கள்

தொண்ணூற்றிரண்டு ஐப்பசி.
சாமிமலைக்குக் கீழே, ஓயா திரும்பும் இடத்தில் ஒரு பெண்.
மரண விசாரணைத் தாளில் ஏழு வரி:
ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு,
நீலச் சட்டை,
இடது முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய தேள்.
‘அடையாளம் காணப்படவில்லை’ என்பது மட்டும்
அழகான கையெழுத்தில்.

நான் பார்மசியில் மருந்து கட்டுகிறவன்.
ஞாயிறு கடை இல்லை.
ஆரோக்கியத்தின் ஆட்டோவில் தோட்டம் தோட்டமாய்ப் போய்
கரையான் மிச்சம் வைத்த செக்ரோல்களைப் புரட்டுகிறோம்.
ஐப்பசி வரை பேருக்கு நேரே ராத்தல் கணக்கு,
அப்புறம் வெறுங்கட்டம்.
அப்படி நின்றுபோனவர்கள் பதினொரு பேர்.

அடைக்காயி மன்னாரில் மருமகளோடு சண்டையில் இருக்கிறாள்.
சவரியாயி காய்ச்சலில் போனது கோயில் புத்தகத்தில் இருக்கிறது.
ஒவ்வொரு பேரை வெட்டும்போதும்
ஆரோக்கியம் ஹாரனை ஒருதரம் அமுக்குவான்.
சந்தோஷமா, ஏமாற்றமா, கேட்டதில்லை.

போன மாதம் வத்தளையில் மூக்காயி கதவைத் திறந்தாள்.
“செத்துட்டேனான்னு பாக்கவா வந்தீங்க?”
சிரித்தாள்.
பிளேன்டீ ஊற்றும்போது கை நின்றது.
“முப்பது வருஷத்துல இப்பதான் ஒருத்தர் தேடி வாறீங்க.
அதுவும் எனக்காக இல்ல.”

கினிகத்தேனை ஏற்றத்தில் மழை.
ஆரோக்கியம் ஹாரனைத் தொடவில்லை.

வெட்டாத பேர் இரண்டு.
செக்ரோலில் கொழுந்துக்குக் கட்டம் உண்டு,
தேளுக்கு இல்லை.
ஒருத்திக்கு நேரே கணக்கப்பிள்ளையின் பென்சில்:
‘சம்பளம் வாங்க வரவில்லை. ரூபாய் நானூற்றுப் பன்னிரண்டு.’

வருகிற ஞாயிறு பெட்ரோல் என் முறை.