முதல் வண்டி, கடைசி வண்டி

டிசம்பர் விடுமுறையின் கடைசி ஞாயிறு
மஞ்சள் அட்டையில்
அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டேன்.
ஐந்தே முக்கால், எழுதல். ஆறு, பல்.
ஆறு ஐந்து, குளியல். ஆறு இருபது, சீருடை.
ஆறரைக்குக் காலுறை,
இரண்டும் ஒரே ஜோடியாக.

பேருந்து ஓட்டுபவன் நான்.
நிமிடங்கள் என் பேச்சைக் கேட்கும் என்று
ஒரு நினைப்பு.

பொற்கொடி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
ஃபிரிட்ஜ் கதவில்
அவள் பணிப்பட்டியலுக்கும் என் பணிப்பட்டியலுக்கும் நடுவே
காந்தத்தை நகர்த்தி
இடம் செய்து கொடுத்தாள்.
விமானச் சமையற்கூடத்தில் அவளுக்கு இரவு வேலை,
எனக்கு ஒன்பது மணி வண்டி.
அடுத்த வாரம் இரண்டும் வேறு.

முதல் நாள் நன்றாகத்தான் போனது,
ஆறு பன்னிரண்டு வரை.
ஆறு பன்னிரண்டுக்கு அருளன்
துலக்க வேண்டியது தன் பல்லை அல்ல
டைனோசரின் பல்லை என்று முடிவெடுத்தான்.
அதற்கு நிறையப் பற்கள்.

பிறகு மழை வந்தது.
பிறகு மின்தூக்கி ஒவ்வொரு மாடியிலும் நின்று
யாரையோ விசாரித்துக்கொண்டு இறங்கியது.
வியாழக்கிழமை மேகலை
நடைபாதையில் குந்தி உட்கார்ந்துவிட்டாள்.
ஒரு மரவட்டை.
"அப்பா, இது எந்தக் காலை முதல்ல வைக்கும்?"

என் அட்டையில்
மரவட்டைக்குக் கட்டம் இல்லை.
கத்தினேன்.
எதிர்வீட்டு ஹஸ்லினா கதவைத் திறந்து
மெல்ல மூடினாள்.
மரவட்டை சுருண்டுகொண்டது.
மேகலையும்.

அன்று மதியம் செங்காங்கில்
கட்டுப்பாட்டு அறையிலிருந்து குரல்:
முன்வண்டி பக்கத்தில்தான், இரண்டு நிமிடம் நின்று போ.
நின்றேன்.
கதவு திறந்திருந்தது, வெயில் ஏறி உட்கார்ந்தது.
பதினேழு வருடமாகக் கடந்துபோகும்
நிறுத்தப் பலகையை அன்றுதான் வாசித்தேன்.
எட்டிலிருந்து பதினான்கு நிமிடத்திற்கு ஒன்று,
அவ்வளவுதான் சொல்கிறது.
யாரும் அதைப் பொய் என்பதில்லை.
முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் மட்டுமே
மணி குறித்திருக்கிறது.

இரவு அட்டையைத் திருப்பிப் போட்டேன்.
முதல் வண்டி: ஏழு ஐந்து, வாசல்.
கடைசி வண்டி: எட்டே முக்கால், விளக்கு.
நடுவில் ஒரு கோடு,
கோட்டில் புள்ளிகள்.
குளியலுக்குப் பின் சோறு,
சோற்றுக்குப் பின் சொல்வதெழுதுதல்,
அதற்குப் பின் கதை.
எத்தனை மணிக்கு என்று கேட்டால்
'வந்துகொண்டிருக்கிறது' என்பதே பதில்.

மேகலை வந்து பக்கத்தில் நின்றாள்.
இன்னும் பேசவில்லை.
பென்சிலை வாங்கி
வாசலுக்கும் மின்தூக்கிக்கும் இடையே
ஒரு சின்னப் புள்ளி வைத்தாள்.
பெயர் எழுதவில்லை.
அதற்குப் பல கால்கள் வரைந்தாள்.
"மன்னிச்சிரு" என்றேன்.
"அதுகிட்டயும் சொல்லணும்" என்றாள்.

விடிந்து வந்த பொற்கொடியின் நெற்றியில்
வலைத்தொப்பியின் தழும்பு.
காலணியோடு நின்றே வாசித்தாள்,
பேனா எடுத்து ஓரத்தில் எழுதினாள்:
காலை எட்டு முதல் அம்மா தூக்கம்.
இந்த நிறுத்தத்தில் ஹாரன் அடிக்கக் கூடாது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன்.
சில மாலைகளில்
குளியலும் பசியும் வீட்டுப்பாடமும்
நெடுநேரம் வராமல் இருந்து
ஒன்றன் பின் ஒன்றாய் மூன்று வண்டிகள்போல்
ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன.
முதலில் எதில் ஏறுவது என்று தெரியாமல்
மூவரும் சோபாவில் உட்கார்ந்து
ரொட்டி தின்கிறோம்.

நேற்று வாசலைத் தாண்டும்போது ஏழு ஒன்பது.
அருளனின் ஒரு காலுறை நீலம், ஒன்று வெள்ளை.
பெயரில்லாத நிறுத்தத்தில்
மேகலை குனிந்து பார்த்தாள்.
யாரும் இல்லை.
இருந்தாலும் கொஞ்சம்
நின்றுவிட்டுத்தான் கிளம்பினோம்.