மாணவி 17

அவருடைய ஆய்வேட்டில் எனக்குப் பெயர் இல்லை.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அட்டவணை ஆறு:
மாணவி 17. வயது பதினான்கு.
தாய் கொழுந்து, தகப்பன் கவ்வாத்து.
இடைவிலகக்கூடும்.

மஸ்கெலியாவில் பஸ் இறங்கி
மழையோடு மேலேறி வந்திருந்தார்
இன்னும் கலாநிதி ஆகாத அங்கமுத்து சேர்.
ஒரே மண்டபத்தில் ஐந்து வகுப்பு
ஒன்றையொன்று கத்தித் தோற்கடிக்கும் சத்தத்தில்
பிடித்த பாடம் கேட்டார்.
கணக்கு என்றேன்.
யார் படிப்பிக்கிறது?
யாருமில்லை, சேர்.
எழுதிக்கொண்டார்.
அட்டை கடித்து அவர் காலுறை சிவந்திருந்தது,
அது அவருக்குத் தெரியாது.
அடிக்குறிப்பு 43 இப்படித்தான் பிறந்தது.

பிறகு பட்டம், பேராதனையில் தனி அறை,
தொலைக்காட்சி விவாதங்கள்,
ஒரு மே தினத்தில் கழுத்து நிறைய மாலை,
பிறகு மாகாணக் கல்வி அமைச்சு.
லயத்தில் வெடி கொளுத்தினார்கள்.
அப்பா இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

நான் இடைவிலகவில்லை.
அது அவருடைய கணிப்பில் நேர்ந்த சிறு பிழை.

நாலு வருடம் தொண்டர் ஆசிரியை;
பிள்ளைக்கு ஐம்பது ரூபாய், தருகிறவர்கள் தந்தால்.
ஹட்டன் அலுவலகத்தில்
கொந்துராத்துக்காரர்களுக்குப் பின்னால் நின்றேன்.
"என்ன பாடம்?" கோப்பைப் பார்த்தபடி.
கணக்கு.
"ஸ்கூல்?"
சொன்னேன்.
ஒரு நொடி பேனா நின்றது.
"அங்கதான் மாடிக் கட்டடம் குடுத்தாச்சே"
என்றார் செயலாளரிடம்.
உண்மை. பளிங்குக்கல்லில் அவர் பெயர்,
ஆய்வுகூடத்தில் குழாய் உண்டு, தண்ணீர் இல்லை.
பச்சை மையில் ஒப்பமிட்டார்.

நியமனம் வந்தது
நுவரெலியா நகரப் பாடசாலைக்கு.
மறுத்திருக்கலாம்.
வாடகை அறை பார்க்கப் போனேன்.

தேர்தல் இரவு வாக்கெண்ணும் கடமை.
விடிகாலை மூன்று மணிக் குளிர்,
ஆறிப்போன பிளேன்டீ,
அவர் இலக்கம் ஒன்பது.
ஒரு சீட்டில் ஒன்பதுக்குக் கோடு இல்லை,
குறுக்கே நீலப் பேனா:
கணக்கு டீச்சர் எங்க?
யாரைக் கேட்டிருக்கிறார்கள்?
பெட்டி எந்த ஊரென்று பார்த்தேன்,
பார்த்திருக்க வேண்டாம்.
மேசை அதிகாரி கைநீட்டினார்.
நிராகரிக்கப்பட்டவற்றோடு போனது.

விடிந்தபோது அவர் வந்தார்,
நானூற்றுச் சொச்சத்தில் தோற்றவர்,
வாகன வரிசை இல்லாமல், மப்ளரைச் சுற்றிக்கொண்டு.
வாசலில் என்னிடம் நின்றார்,
பழைய விரிவுரையாளர் குரலில்:
"நீங்க டீச்சரா? என்ன பாடம்?"

கணக்கு, சேர்.

எந்தப் பாடசாலை என்று கேட்கவில்லை.
நல்லது.