முப்பதில் போகக் கூடாது

ரோஹுக்யூலாவில் சாலை தீர்ந்துபோகிறது.
அதற்கப்பால் கடல்.
உறைந்த அதன் மேல், தீவு வரைக்கும்
இருபத்தாறு கிலோமீட்டர்
மறுபடியும் சாலை.

தடுப்புக் கட்டையருகே காதுத்தொப்பிக்காரர்
வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார்,
அக்கரையில் இன்னொருவர் அதை அடிப்பதற்காக.
எத்தனை பேர்?
இரண்டு, என்றேன்.
பின்னால்?
துணி துவைக்கும் இயந்திரம்.
எடை கேட்டார்.
எழுபது கிலோ என்றான் இல்மர்,
தன் எடையைச் சொல்வதுபோலக் கூச்சப்பட்டு.

மளிகைச் சிட்டை வாசிக்கிற குரலில் விதிகள்:
பெல்ட் போடக் கூடாது, பனி உடைந்தால் குதிக்க வேண்டும்.
நடுவில் நிறுத்தக் கூடாது.
முன்வண்டிக்கு இருநூற்றைம்பது மீட்டர் விட வேண்டும்.
இருபத்தைந்துக்குள் போகலாம்.
நாற்பதுக்கு மேல் போகலாம்.
இடையில் கூடவே கூடாது.
பொழுது சாய்ந்தால் கடலைப் பூட்டிவிடுவோம்.

ரொட்டிக்கடைக்குப் போகிற முந்நூறு மீட்டருக்கும்
"ஊர்வே, பெல்ட்" என்று
பத்தொன்பது வருஷம் சொன்னவன்
மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தான்.

காருக்குத்தான் விதி புரியவில்லை.
டிங், டிங், டிங்.
நாலாவது கிலோமீட்டர் வரை பொறுத்தான்.
பிறகு தன் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் செருகினான்.
என்னுடையதற்கு நான் முன்னால் சாய,
அவன் கை என் பின்னால் தடவித் தடவி
கொளுவியைக் கண்டுபிடித்தது.
புதினா மிட்டாய் வாசனை.
கார் நம்பிவிட்டது.
மௌனமாக ஓடியது, அது இன்னும் மோசம்.

வழி நெடுக
பனியில் நட்ட ஜூனிப்பர் கிளைகள்.
தூரத்தில், உடைத்து வைத்த கால்வாயில்
எங்களுக்கு இணையாக ஒரு படகு, வெள்ளை மாடி வீடு போல.

அடியில் நம்மோடு ஓர் அலையும் வருகிறதாம்.
மெதுவாகப் போனால் முந்திவிடும்.
விரைந்தால் பின்தங்கும்.
முப்பதில் போனால் மட்டும்
தோளோடு தோளாக வந்து
வளர்ந்து வளர்ந்து
பனியைப் பிளக்கும்.

நாங்கள் வாழ்ந்த வேகமும் அதுதான்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அழகாகத்தான் இருந்திருக்கும்.
பொய்.
நாங்கள் பிளந்தது குளியலறை ஓடுகளுக்கு,
அவன் தம்பி திருப்பாத கடனுக்கு,
ஒரு ஆகஸ்டில் நான் எடுக்காமல் விட்ட
மூன்று தொலைபேசி அழைப்புகளுக்கு.

"நாற்பத்தெட்டு" என்றான், முள்ளைப் பார்த்து.
"தெரிகிறது" என்றேன்.
இருபத்தாறு கிலோமீட்டரில்
பேசியது இவ்வளவே.

ஹெல்டர்மாவில் ஒரு பெண் எங்கள் எண்ணை அடித்தாள்.
சக்கரத்தடியில் மண் வந்ததும்
இயந்திரத்தின் குழாயிலிருந்து
சோப்பு மணக்கும் பழைய தண்ணீர்
பின்னிருக்கைக்குக் கீழே ஒழுகியது.
எந்தத் துணியின் கடைசி அலசலோ.

பாகப் பத்திரப்படி இயந்திரம் எனக்கு, கார் அவனுக்கு.
இறக்கிவைத்து, இணைப்புக் கொடுத்து,
இருட்டுமுன் அவன் திரும்பியாக வேண்டும்.

"ஊர்வே" என்றான், "பெல்ட்."
போட்டுக்கொண்டேன்.

என் புது வீட்டுக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்.
சாலை காலி, நேர்க்கோடு, தொண்ணூறு வரை போகலாம்.
பைன் மரங்களுக்கு மேலே
நாலு விரற்கடை உயரத்தில் சூரியன்.

முப்பதில் ஓட்டினேன்.
அவன் முள்ளைப் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.