ள் தீர்ந்த இரவு

ராத்திரி பதினொன்றரைக்கு ள் தீர்ந்துபோனது.
கேஸுக்குள் விரலை விட்டுத் துழாவினேன்:
தூசு, ஒரு செத்த அந்துப்பூச்சி.

தீராமல் என்ன செய்யும்?
தலைப்பிலேயே கள்ளத்தொடர்பு.
அடுத்த வரி பள்ளத்தூர்,
பெயரிலேயே பள்ளம் வைத்திருக்கிற ஊர்.
பிறகு தாழ்ப்பாள். ஜன்னலுக்குள் நிழல்கள்.
பிறகு அவள், அவள், அவள்,
நடுநடுவே தும்பிக்கை வைத்த ளை போட்டு அவளை.
நாகப்பட்டினம் நீலாயதாட்சி என்று
பெயரைப் போட்டிருந்தால் ஒன்றுகூடச் செலவாகியிருக்காது.
பெயரை யார் போட்டார்கள்.

துரைச்சிங்கம் பள்ளத்தூர் பஸ் ஏறவே இல்லை.
எனக்குத் தெரியும். அன்று முழுக்க
காரைக்குடி மாடியில் வெற்றிலை மென்றபடி
ஒவ்வொரு தாளாக என் பக்கம் தள்ளினார்.
மழையில் ஷூட்டிங் நின்றது மெய்.
செட்டியார் வீட்டு இரண்டாம் கட்டில்
அந்த நடிகை காய்ச்சலாய்க் கிடந்தது மெய்.
பணம் போட்டவர் கார்
விடியும்வரை வாசலில் நின்றது, அதுவும் மெய்:
கார்பரேட்டரில் தண்ணீர்.
மீதியைக் கோத்தவை இந்த விரல்கள்,
ஈயத்தில், தலைகீழாக.

"ள் இல்லை சார்.
அவர்னு போட்டுடட்டுமா? ர் நிறையக் கிடக்கு."

சிரித்தார். புரூஃபில் சிவப்பாய்த் தெறித்தது.
"அவர்னு போட்டா
எவண்டா நாலணா குடுப்பான்?"

கழனிவாசல் வரை நடந்தேன்.
கல்யாணப் பத்திரிகை அடிக்கிற வயிரவனை எழுப்பினேன்.
கண்ணைத் திறக்காமலே
நாற்பது ள் எண்ணித் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தான்.
வழியெல்லாம் பையில் கிலுகிலு.

விடிவதற்குள் ஆயிரத்து இருநூறு.
மத்தியானம் இன்னும் இரண்டாயிரம்.
புதுக்கோட்டை ஏஜெண்ட் தந்தி அடித்துக் கேட்டான்.

அந்த வாரம் டென்ட் கொட்டகையில்
திரையில் விளக்கோடு அறைக்குள் போகிறாள்,
தரை டிக்கெட்டிலிருந்து ஒருவன் கத்தினான்:
"தாழ்ப்பாள் போட்டாச்சா?"
கொட்டகையே இடிந்தது.
மறுநாள் டீக்கடையில் அதே.
தேவகோட்டை பஸ்ஸில் கண்டக்டர் கதவைச் சாத்தி அதே.
அடுத்த வருஷம் வேறொரு படத்தில்
நகைச்சுவை நடிகர் அதையே சொல்லிக்
கைதட்டல் வாங்கினார்.
யார் சொன்னது முதலில் என்று
இன்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.
என் ஸ்டிக்கில் இருந்தது முதலில்.

கார்த்திகையில் கதை.
தையில் மதராஸிலிருந்து தந்தி வந்தது,
நாலே வார்த்தை.

துரைச்சிங்கம் சவரம் செய்து வந்திருந்தார்.
வெள்ளை ஜிப்பா. வெற்றிலை இல்லை.
"நினைவு மலர். முப்பத்திரண்டு பக்கம்.
இனிமே அவர்."
மறைந்தார். உழைத்தார்.
குழந்தைபோலச் சிரித்தார்.
அவர், அவர், அவர்.
தாழ்ப்பாள் கேட்ட அதே வாய்கள்
கொட்டகைத் திரைக்கு முன்னால் சூடம் ஏற்றின.
திரைக்குத் தீப்பிடிக்குமென்று
மேனேஜர் வாளியோடு ஓடினார்.
படம் நூறு நாள்.

எனக்குப் பத்து ரூபாய் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.
ஒரு வேட்டி, மீதியில் பெஞ்சு டிக்கெட்.
அன்றுதான் முதன்முதலாக முகத்தைப் பார்த்தேன்.
இடது புருவத்துக்கு மேல் அம்மைத் தழும்பு,
பவுடருக்கு அடங்காதது.
அதைப் பற்றி ஒரு வரி
நாங்கள் எழுதியிருக்கவில்லை.
இதைச் சொல்லும்போதுகூட
கடைசி எழுத்தில் நாக்கு நின்றுவிடுகிறது.

ஒன்று விட்டுவிட்டேன்.
மலர் அடித்த ராத்திரி
பதினொன்றரைகூட ஆகவில்லை, ர் தீர்ந்தது.
மறுபடி கழனிவாசல், மறுபடி வயிரவன்.
தூங்கவில்லை; முகூர்த்த மாசம்,
மஞ்சள் அட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான்.

"ர் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க" என்றான்.
"போன தடவை நாற்பது கொடுத்தேன்.
திரும்பி வந்தது முப்பத்தெட்டு.
ரெண்டு ள் எங்கேய்யா?
மகள்னு போட எழுத்தில்லாம உக்காந்திருக்கேன்."