செதிலுக்கு எதிரே

முப்பத்தொன்றாம் பெட்டி.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு மீட்டர் ஆழம்.
வழுதூர்ப் பக்கம் துளையிட்டு எடுத்த கல்.

சேறு கழுவுவது என் வேலை.
சிவப்புக் கோடு வலப்புறம், கறுப்பு இடப்புறம் இருந்தால்
கல் நேராக நிற்கிறது என்று பொருள்.
அதற்கு மேல் யாரும் சொல்லித்தரவில்லை,
நானும் கேட்கவில்லை. நாளுக்கு நானூற்றைம்பது.

இன்று ஒரு துண்டு சரிவாக உடைந்திருந்தது.
உடைந்த முகம் மட்டும்
எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்க,
நெடுகக் கீறல்கள்.
சென்னியப்பன் சார் லென்ஸ் வைத்துப் பார்த்து
பென்சிலால் எழுதினார்: மேல்பாறை ஏறியது.

நான் விரலை வைத்தேன்.

மண்டபத்தில் ஏழு வருஷம் மீன் கம்பெனியில் நின்றவள்.
தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் விளைமீன் வழுக்கும்,
திருப்பித் தடவினால் தோலைப் பிறாண்டும்.

கீழ்நோக்கி வழுக்கியது கல்.
மேல்நோக்கி, செதில்.

"இறங்கியிருக்கு சார்."

கண்ணை மூடித் தடவினார். இரண்டு தரம்.
ரப்பரைத் தேடினார்.

மதியச் சோற்றின்போது அவரே சொன்னார்:
நிலத்தை இரண்டு பக்கமும் இழுத்தால்
மேலே சாய்ந்திருக்கும் பாறை சறுக்கி இறங்குமாம்.
நெருக்கினால், புயலில் கட்டிப்போட்ட வள்ளங்கள் மாதிரி
ஒன்றின்மேல் ஒன்று ஏறுமாம்.
ஏறாமல் இறங்காமல் பக்கவாட்டில் உரசிப் போவதும் உண்டு,
அப்போது கீறல் படுத்துக் கிடக்கும்.
பாம்பன் பாலத்தில் ரெண்டு பஸ், என்றேன்,
கண்ணாடியை மடக்கிக்கிட்டு.
சிரித்ததில் அவருக்குப் புரையேறியது.

ஒரே நாளில் நடப்பதில்லையாம் இது.
பிடித்துக்கொண்டே நிற்கும், பிடித்துக்கொண்டே,
பிடித்துக்கொண்டே,
ஒரு நொடி விடும்.
மறுபடி பிடித்துக்கொள்ளும்.

சாயங்காலம் யாரும் இல்லாதபோது
அந்தத் துண்டைத் தலைகீழாகத் திருப்பித் தடவினேன்.
அடிப்பாறை இப்போது மேல்பாறை.
ஆனாலும் அதே விடை: மேலது இறங்கியிருக்கிறது.
அல்லது கீழது ஏறியிருக்கிறது.
எது என்று மட்டும் விரலுக்குத் தெரியவில்லை.
ஒன்றைவிட்டு ஒன்று விலகியது,
அவ்வளவுதான் கல்லில் இருக்கிறது.

வேதாளையில் பஞ்சாயத்து வைத்த அன்று
மூன்று மணி நேரம் கேட்டார்கள்,
முதலில் விலகியது யார், அவனா நீயா என்று.

பெட்டியை மூடி எண் எழுதினேன்.

ஐந்தரை பஸ்ஸில் கூட்டம்.
ஜன்னலோரத்துப் பெண் கொஞ்சம் நகர்ந்தாள்,
கூடையோடு நானும் கொஞ்சம் நகர்ந்தேன்.
இடம் வந்தது.