குதிகால்

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன்.
மரியாதைக்கு அல்ல.
தரையின் நோயைக் குதிகால்தான் முதலில் அறியும்;
கண் அதற்குப் பிறகு, மீட்டர் அதற்கும் பிறகு.

கட்டபெட்டுக்கு மேலே, தேயிலைச் சரிவு முடிகிற மூலையில்
செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது கேரவன்.
உள்ளே ஒரு கட்டில், ஒரு சிங்க்,
புதுமணத் தம்பதிகளுக்கென்று
சுவரில் ஒட்டிய இரண்டு கிளிகள்.
சிங்க் முன்னால் போனதும்
தரை என்னைக் கொஞ்சம் உள்ளே வாங்கிற்று,
டீயில் ஊறிய ரஸ்க்கைப் போல,
சத்தமே இல்லாமல்.

"குழாய்தான் ஒழுகுது" என்றார் மாதேவி.
"மேலே ஒரு பலகையைப் போட்டு மூடிடுங்க.
சனிக்கிழமை ஆள் வருது."
அன்று வியாழன்.

குழாய் முட்டுகளில் டிஷ்யூ தாளைச் சுற்றி
ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.
சுற்றியபடியே இருந்தது, மொடமொடவென்று.

தண்ணீர் நுழைகிற இடம் வேறு,
குடித்தனம் நடத்துகிற இடம் வேறு.

ரெஜினால்ட் ஏணியில் நின்று ஹோஸைப் பிடித்தான்.
நான் உள்ளே, டார்ச்சோடு மல்லாந்து.
முன்பக்கம் இல்லை.
ஜன்னல் இல்லை.
"இன்னும் பின்னால போடா."
பின்மூலையில் எப்போதோ எரிந்த சிவப்பு விளக்கு,
அதில் ஒற்றை ஸ்க்ரூ ஓட்டை.
அங்கே ஒரு சொட்டு தயங்கி நின்று
சுவர்த்தோலுக்குப் பின்னால் இறங்கிக் காணாமல் போயிற்று.
வண்டி ஒரு விரற்கடை மேற்கே சாய்ந்திருந்தது.
அந்தச் சாய்வைப் பிடித்துக்கொண்டு
பதினோரு அடி நடந்திருக்கிறது தண்ணீர்,
ஐப்பசிதோறும், யார் காலிலும் இடறாமல்.

வினைல் விரிப்பை உரித்தோம்.
பலகையில் குத்தூசி
வெந்த உருளைக்கிழங்கில் போல இறங்கியது.
அதற்குக் கீழே இன்னொரு பலகை.
எவனோ பழசை வெட்டியெடுக்காமல்
அதன் மேலேயே புதுசை அறைந்திருக்கிறான்.
சுற்றிலும் சிலிக்கான் பூசி
உள்ளே இருந்த ஈரத்தைப் பத்திரமாகப் பூட்டியிருக்கிறான்.
திட்டினேன்.
அவன் கை, அவன் கண், அவன் வாங்கிய காசு,
எதையும் விடவில்லை.

பெயர்த்துத் திருப்பினால்
பென்சிலில் அளவு: 47 × 23.
ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு.

கரூரில் பஸ் பாடி கட்டிய பட்டறையிலிருந்து
இந்த மலைக்கு ஏறி வந்து
ஏழுக்கு இடுப்புக்கோடு போடுகிறவன்
எனக்குத் தெரிந்து ஒருத்தன்தான்.

குன்னூர், நாலு வருஷம் முன்னால்.
வண்டி அப்போது வெள்ளை, உடைமைக்காரர் வேறு.
அவருக்கும் ஏதோ ஒரு சனிக்கிழமை.
மூவாயிரத்து ஐந்நூறு வாங்கினேன்.

ரெஜினால்ட் எண்ணைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
டீ வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனான்.
ஃபிளாஸ்க் நிறைய டீ அங்கேயே இருந்தது.

தட்டினால் 'டொக்' என்று பதில் சொல்கிற மரம் வரும்வரை
வெட்டிக்கொண்டே போனேன்.
சிங்க்கைத் தாண்டி, கட்டில் காலைத் தாண்டி,
சக்கரத்து மேடு வரைக்கும்.
இரண்டு சட்டங்கள் விரலால் உதிர்ந்தன.
வண்டியின் அடிவயிற்றுத் தகட்டைக் கீறியதும்
ஒரு செம்பு கறுப்புத் தண்ணீர்
என் முழங்கையில் கொட்டியது.
இனிக் காய வேண்டும்.
ஃபேன் ஒரு பக்கம் ஓடுகிறது;
மறு பக்கம் கதவு வழியாக மூடுபனி
சொந்த வீட்டுக்குள் வருவதுபோல் வருகிறது.
மீட்டரில் இருபத்தெட்டு.
பதினைந்துக்குக் கீழே வராமல் பலகை போட்டால்
மறுபடியும் நான்தான்.

"சனிக்கிழமை முடியாது" என்றேன்.
"முன்னாடி செஞ்சவன் சரியில்லையா?"
"இல்லை."
பிளை, எபாக்ஸி, சட்டம், திருகாணி,
கூலி 7000 என்று எழுதி நீட்டினேன்.

அவர் சீட்டைப் பார்த்தார்.
காலடியில் கிடந்த பலகையைப் பார்த்தார்.
என் காதிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினார்.
கூலியின் ஏழில் நான் போட்டிருந்த கோட்டை
அங்கிருந்தே நீட்டினார்,
மூன்று சுழிகளையும் தாண்டி,
தாளின் ஓரம் வரைக்கும்.

மீட்டரில் இருபத்தேழு.