முன்னிலை ஒருமை

தபால்வழிக் கல்விக்குத் தத்துவம், பாடம் பதினொன்று.
பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி
மொழிபெயர்க்கத் தந்திருக்கிறார்கள்.
சமாதானபுரத்துத் தார்ரோடு வெயிலில் இளக,
நான் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய
ஒரு குளிர்தேசத்துக் கட்டிலறையில் நிற்கிறேன்.

அங்கே ஒரு சீமாட்டி.
பன்னிரண்டு வயசில் பிடித்த தலைவலி
சாகும்வரை விடவில்லை.
பாதரசம் கொடுத்துப் பார்த்தார்கள்.
மண்டையைத் துளைக்கலாமா என்று கடல் தாண்டிப் போய்க் கேட்டு
பயந்து, கழுத்து நாளத்தைக் கீறி அனுப்பினார்கள்.
அவளோ படுத்தபடி யோசித்தாள்.
சடம் வேறு உயிர் வேறு என்கிறார்களே,
உடம்பு வலிக்கையில் உயிர் ஏன் வேகிறது?

பெரிய படிப்பாளிகள் எழுதிய பதிலெல்லாம்
கடிதமாகவே கிடக்கிறது.

கடைசி வருஷங்களில்
வம்பளக்கும் தாதிகள் வேண்டாமென்று
நண்பர் சபைப் பெண்களை வைத்துக்கொண்டாள்.
பாதிரி இல்லை, பாட்டு இல்லை, மணி இல்லை.
உள்ளே ஒரு வெளிச்சம் வண்டிக்காரனுக்கும் உண்டு என்று
வாய்மூடி உட்கார்ந்திருப்பார்கள்.
சொல் வந்தால் எழுந்து சொல்வார்கள்,
பெண்களும்.
அதற்காக ஜெயிலுக்கும் போனார்கள்.

(துறைக் கூட்டத்தில் என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள்,
மரியாதையாகத்தான்:
மேடம், கொஞ்சம் சும்மா இருங்க.
அது வேறு மௌனம்.)

சிக்கல் ஒரு சொல்லில்.
அந்தச் சபையார் நீதிபதிக்கும் தொப்பி கழற்ற மாட்டார்கள்.
பன்மையும் தர மாட்டார்கள்.
ஒற்றை ஆளை இரண்டாக்கிப் பேசுவது பொய்யாம்.
பிரபுவும் நீ, சீமாட்டியும் நீ.

தொப்பியைத் துண்டு என்று எழுதினால்
இந்த ஜில்லாவில் ஒருவருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம்.
தோளில் கிடந்ததை இடுப்புக்கு இறக்கச் சொன்ன தெரு
ஆற்றுக்கு இக்கரையிலும் உண்டு, அக்கரையிலும் உண்டு.
"நீ"தான் முரண்டு பிடிக்கிறது.
தாதி சீமாட்டியிடம் சொல்கிறாள்: நீ தூங்கு.
எழுதினேன், அடித்தேன்.
நீர் என்று போட்டேன்.
ஜவுளிக்கடை அண்ணாச்சி குரலில் கேட்டது.
நீங்கள் என்று போட்டால்
அவள் ஜெயிலுக்குப் போயிருக்கவே வேண்டாம்.

மூன்று மணிக்கு
என் வலது கண்ணுக்குப் பின்னால் ஆரம்பித்தது.
பேச்சித்தாய் ஜன்னலைச் சாத்தினாள்.
கீழநத்தத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவள்,
என்னைவிட ஒன்பது வயசு மூத்தவள்.
பதினாறு வருஷமாக அவளை நான் நீ என்கிறேன்.
யாரும் என்னை ஜெயிலில் போடவில்லை.

நெற்றியில் ஈரத்துணி.
ஃபேன் இரைச்சலும் ஆகாதென்று அதையும் நிறுத்திவிட்டுத்
தரையில் உட்கார்ந்தாள்.
பேரில் இருக்கிற பேச்சை
வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவள் மாதிரி.
எங்கோ பாங்கு சொன்னார்கள்.
பால்காரன் மணியடித்துப் போய்விட்டான்.
அவள் வியர்த்துக்கொண்டு இருந்தாள்.

குமட்டல் அடங்கிய ஒரு இடைவெளியில்
சொல்லிப் பார்த்தேன்:
"நீங்க கிளம்புங்கக்கா, பஸ் போயிரும்."

சட்டென்று என் கழுத்தில் கை வைத்தாள்.
"காச்சல் கீச்சல் அடிக்கா ஒனக்கு?"

ஒனக்கு.

கைதவறிய கிண்ணம்போல
இருட்டில் கொஞ்ச நேரம் உருண்டது.
அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை
"நேத்து ஒண்ணுமே சாப்பிடலியே நீங்க" என்றபடி
பாலை அடுப்பில் வைத்தாள்.
"நீ சாப்பிட்டியா" என்றேன்,
கேட்ட பிறகுதான் கேட்டது.

பாடம் பதினொன்று திரும்பி வந்திருக்கிறது.
நீ தூங்கு என்ற இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு
ஓரத்தில் யாரோ:
மரியாதைக் குறைவு? சரிபார்க்கவும்.

சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.